மலருக்கு மட்டுமா மதிப்பெண்?

நடுவர் நாற்காலி எளிதில் கிடைத்துவிடுகிறது. அதிலிருந்து எழுந்து வந்த பின் நிம்மதி கிடைப்பதுதான் அரிது. பட்டறிந்து எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் மலர்க் கண்காட்சிக்கு என்னை நடுவராக அழைத்தார்கள். அது டிசம்பர் மாதம். மழை ஓய்ந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. தாவரவியல் கற்பிக்கிறவன், திருமழபாடியில் வீட்டுக் கொல்லையில் சில ரோஜாச் செடிகள் வைத்திருப்பவன் என்பவற்றைத் தவிர அந்த நாற்காலிக்கு எனக்கு வேறு தகுதி ஏதும் இல்லை. நீண்ட மேசையில் வெள்ளைத் துணி விரித்துத் தொட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். முதல் தொட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு சிவப்பு ரோஜா. இதழ்கள் சுருண்டு விரிந்து, நடுவே கூம்பாக நிமிர்ந்து, கடந்து போகிறவரை நிறுத்தி வைக்கும் பூ அது. வரிசையின் கடைசியில் பழைய பெயின்ட் வாளி ஒன்று. அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி. இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினேழு.

கையிலிருந்த தாளில் வடிவம், நிறம், பூவின் அளவு, பொதுத் தோற்றம் என்று நான்கு கட்டங்கள். சிவப்புப் பூ நான்கிலும் வென்றது. வாளிச் செடியின் கொத்துகளில் நடுப்பூ வாடியிருந்ததற்காக மதிப்பெண்ணைக் குறைத்தேன். வாளியின் துருவுக்காகவும் மனத்துக்குள் குறைத்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. முதற்பரிசு சிவப்பு ரோஜாவுக்கு. வாளிக்கு ஆறுதல் பரிசு.

பரிசளிப்பு முடிந்து புறப்படும்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து நின்றாள்.

“சார், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

“அந்தச் செகப்பு ரோஜாவ எப்ப வாங்குனாங்கன்னு கேட்டீங்களா சார்?”

நான் கேட்கவில்லை.

“என்னுது ரெண்டு வருசமா எங்க வாசல்ல இருக்கு சார்.”

அவ்வளவுதான். அவள் குரலில் கோபம் இல்லை. வாளியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் மேசைக்குத் திரும்பி, முதற்பரிசுத் தொட்டியின் மண்ணை விரலால் கிளறிப் பார்த்தேன். மேலே இரண்டு விரற்கடை அளவு மண். அதன் கீழே நாற்றுப் பண்ணையிலிருந்து வந்த தென்னை நார்த்தூள் கட்டி, பாலித்தீன் பையின் மடிப்புத் தழும்புகூட மாறாமல், அப்படியே இருந்தது. அந்தத் தொட்டிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

அந்த மாணவனை நான் குறை சொல்லவில்லை. விதி அதைத் தடுக்கவில்லை. கேட்க வேண்டியவன் நான், நான்தான் கேட்கவில்லை. ஒரு சிறுமியின் இரண்டாண்டு உழைப்பை ஒரு கடையின் ஒரு வார இருப்பு வென்றுவிட்டது. அதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான். அன்றிலிருந்து என்னுள் வளர்ந்த கருத்தைத்தான் இங்கே வைக்கிறேன். வீட்டிலும் வீதியிலும் கல்லூரி வளாகத்திலும் நடுவதற்கான ரோஜாவை ஒரு நாள் மேசையில் வைத்து மதிப்பிடக் கூடாது; ஓராண்டு மண்ணில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

முழமும் படியும்

ரோஜாக் காட்சிகளுக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. அமெரிக்க ரோஜாச் சங்கத்தின் நடுவர்கள் கையாண்டு வந்த பட்டியல் பலருக்கும் தெரிந்ததே. வடிவத்துக்கு 25, நிறத்துக்கு 20, இதழின் உறுதிக்கு 15, காம்புக்கும் இலைக்கும் சேர்த்து 20, அமைப்பின் ஒத்திசைவுக்கு 10, அளவுக்கு 10, ஆக 100. வெட்டி வந்து குப்பியில் வைத்த மலரை மதிப்பிட இதைவிட நல்ல பட்டியலை நான் தர முடியாது. பூவின் பருமனுக்கு அவர்கள் பத்தே மதிப்பெண் ஒதுக்கியிருப்பதைப் பாருங்கள். பெரிய பூவே சிறந்த பூ என்பது நாம் செய்துகொண்ட கற்பனை. காட்சிக்கு வைப்பவர் தம் தோட்டத்தில் தாமே வளர்த்த பூவைத்தான் கொண்டுவர வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. நாம் மேசையை இரவல் வாங்கினோம். அந்த விதியை வாங்க மறந்துவிட்டோம்.

இருந்தாலும் அந்தப் பட்டியல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இன்று காலை சிறந்த மலர் எது? ‘எந்தச் செடியை நட்டால் நம் வீட்டில் பிழைத்துப் பூக்கும்?’ என்று அது கேட்பதில்லை. படியால் அளக்க வேண்டியதை முழத்தால் அளந்தால் யார் மீது குற்றம்? முழத்தின் மீதா, அளந்தவன் மீதா?

கொத்துப் பூவின் குலம்

வாளியில் இருந்தது புளோரிபண்டா இனத்து ரோஜா. இலத்தீனில் ‘நிறையப் பூப்பது’ என்று பொருள். ஒரு காம்புக்கு ஒரு பெரும்பூவைத் தருவது ஹைபிரிட் டீ என்னும் குலம். புளோரிபண்டாவோ ஒரு காம்பின் முனையில் ஐந்தாறு பூக்களைக் கொத்தாகத் தரும். சில வேளைகளில் ஒரு கொத்தில் பத்துக்கு மேலும் இருக்கும். கொத்தின் நடுமொட்டுதான் முதலில் மலரும், முதலில் வாடும். கைதேர்ந்தவர்கள் அந்த நடுமொட்டை இளமையிலேயே கிள்ளிவிடுவார்கள். அப்போது சுற்றியுள்ளவை ஒருசேர மலரும். அந்தச் சிறுமிக்கு இதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். சொல்லித் தந்திருக்க வேண்டிய நான், அது தெரியாததற்காக அவளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

இந்தக் குலம் பிறந்தது அரண்மனைத் தோட்டத்தில் அன்று. டென்மார்க்கில் நாற்றுப் பண்ணை நடத்திய பவுல்சன் குடும்பத்தார், பெரும்பூ ரோஜாக்கள் தங்கள் நாட்டுக் குளிரில் நலிவதைக் கண்டார்கள். சிறு பூக்களைக் கொத்தாகப் பூக்கும் உரம் வாய்ந்த பாலியாந்தா ரோஜாவோடு ஹைபிரிட் டீயைக் கலந்தார்கள். 1912-இல் ‘ரோட்ஹெட்’, 1924-இல் ‘எல்சே பவுல்சன்’, ‘கிர்ஸ்டன் பவுல்சன்’ ஆகியவை வந்தன. புளோரிபண்டா என்ற பெயர் பின்னர் அமெரிக்க வணிகத்தில் நிலைபெற்றது. 1958-இல் ஜெர்மனியின் கோர்டஸ் நிறுவனம் தந்த ‘ஐஸ்பெர்க்’ என்னும் வெள்ளை ரோஜா உலகம் முழுதும் பரவியது. 1983-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு அதைப் புகழ்மிகு ரோஜாக்களின் வரிசையில் சேர்த்தது. அதன் ஒற்றைப் பூவை மட்டும் மேசையில் வைத்தால், அதைவிட வடிவான பூக்கள் எத்தனையோ அதைத் தோற்கடிக்கும். ஆயினும் வேலி ஓரத்தில், சாலை நடுத்திட்டில், வங்கி வாசலில் நின்று ஆண்டு முழுதும் வெண்மை காட்டுவது அதுதான்.

நம் நாட்டிலும் இந்தக் குலத்துக்கு ஒரு பெருந்தகை வாய்த்தார். அவர் பி. பி. பால். 1965-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநரானவர். கோதுமையைத் தாக்கும் மூவகைத் துரு நோய்களையும் தாங்கும் கோதுமையைத் தேடியவர். பகலில் கோதுமை, ஓய்வில் ரோஜா என்று வாழ்ந்தவர். இந்தியாவில் ரோஜா வளர்ப்பது குறித்து அவர் எழுதிய நூல் 1966-இல் வெளிவந்தது. ‘டெல்லி பிரின்சஸ்’ போன்ற புளோரிபண்டாக்கள் அவர் கைவண்ணம். டில்லி ஆராய்ச்சி நிலையம் தந்த சாக்லேட் நிற ‘மோகினி’யும் இந்தக் குலமே. நோய் தாங்குகிறதா, பல இடங்களில் விளைகிறதா, மறு ஆண்டும் விளைகிறதா என்று கேட்டுத்தான் ஒரு கோதுமையை உழவரிடம் கொடுப்பார்கள். தானியத்துக்கு இவ்வளவு கேள்வி கேட்கும் நாம், பூவென்றால் மட்டும் கண்ணை மட்டும் நம்பிவிடுகிறோம்.

வண்டியில் வரும் ரோஜா

எங்கள் ஊருக்கு வாரம் ஒருமுறை செடி வண்டி வரும். கொள்ளிடக் கரைத் தெருவில் ஒலிபெருக்கி கேட்டதும் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் உள்ள கடியம் பகுதி நாற்றுப் பண்ணைகளிலிருந்தும் ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் வரும் செடிகள் அவை. கொத்தாகப் பூத்தால் ‘காஷ்மீர் ரோஜா’, மிகச் சிறிதாகப் பூத்தால் ‘பட்டன் ரோஜா’, பெரிதாகப் பூத்தால் ‘பெங்களூர் ரோஜா’. இவை பெயர்கள் அல்ல, விலைக்கான அடையாளங்கள். எந்த ரகம், எந்த ஆண்டு வந்தது, யார் உருவாக்கியது என்று வண்டிக்காரருக்கும் தெரியாது. அவருக்கு விற்றவருக்கும் தெரியாது. பெயர் தொலைந்த செடியை எப்படி மதிப்பிடுவது? நன்றாக வளர்ந்தால் அதையே மறுபடி கேட்டு வாங்க வழியில்லை. செத்துப்போனால் அதைத் தவிர்க்கவும் வழியில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்து ஏமாறுகிறோம்.

நிழல்வலைக் குடிலில் நாளுக்கு நாள் உரமும் மருந்தும் உண்டு வளர்ந்த செடி, நம் வாசல் வெயிலுக்கு வந்ததும் இலையுதிர்த்து நிற்கிறது. “எனக்குக் கைராசி இல்லை” என்று என் அத்தை சொல்லுவார். ராசி என்ன செய்யும்? பெரும்பாலானவை ஒட்டுச் செடிகள். மேலே அழகிய ரகம், கீழே வேர்ச்செடி. ஒட்டுக்குக் கீழிருந்து காட்டுத்தளிர் கிளம்புவதை அறியாமல், “நன்றாகத் துளிர்க்கிறது” என்று மகிழ்ந்து நீர் ஊற்றுகிறோம். ஒட்டு காய்ந்துவிடுகிறது, வேர்ச்செடி மட்டும் தழைக்கிறது. ஒட்டுக்குக் கீழே வருவதைக் கிள்ளிவிட வேண்டும் என்ற ஒரு வரியை வண்டிக்காரர் சொல்லியிருந்தால் எத்தனையோ செடிகள் பிழைத்திருக்கும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி ரோஜாவை இகழ்வது என் நோக்கமன்று. ஒரு காலத்தில் ரோஜா பங்களாவின் செடி. அதைக் குடிசை வாசலுக்குக் கொண்டுவந்தது இந்த வண்டிதான். மலிவாக, பலருக்கும் கிடைக்கும்படி ஒரு பொருள் வரும்போதுதான் அதைக் கடுமையாக மதிப்பிட வேண்டிய கடமை பிறக்கிறது. பணக்காரர் தோட்டத்தில் ஒரு செடி செத்தால் மறுநாள் வேறொன்று வரும். தினக்கூலியில் மிச்சம்பிடித்து வாங்கிய செடி செத்தால், அந்த வீட்டில் அடுத்த செடிக்கு இரண்டு ஆண்டு ஆகும்.

பிறர் செய்து பார்த்தவை

ஜெர்மனியில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒரு தேர்வு முறை தொடங்கினார்கள். அதன் பெயர் ஏ.டி.ஆர். புதிய ரோஜாக்களை நாட்டின் பல தோட்டங்களில் நட்டு, மூன்று ஆண்டுகள் கவனிக்கிறார்கள். பூச்சி, நோய் மருந்து எதுவும் தெளிப்பதில்லை. இலை நலம், குளிர் தாங்கும் திறன், பூக்கும் வளம், அழகு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. தேர்ந்த பின்னும் செடி வலுவிழந்தால் கொடுத்த முத்திரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். கொடுத்த பட்டத்தைப் பறிக்கும் துணிவுள்ள தேர்வை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் என்பவர் செய்தது இன்னும் சுவையானது. கரும்புள்ளி நோய் பிடித்த இலைகளைச் சேகரித்து உலர்த்திப் பொடியாக்கித் தம் நாற்றுகளின் மேலேயே தூவினார். மேலிருந்து நீரும் தெளித்தார். நோயை விருந்துக்கு அழைத்து, அதைத் தாங்கியவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்த ‘நாக் அவுட்’ என்னும் புதர் ரோஜா 2000-இல் சந்தைக்கு வந்தது. பூவில் இதழ் குறைவு. மணமும் பெரிதாக இல்லை. ஆயினும் மருந்தடிக்காமல் மாதக்கணக்கில் பூத்ததால் வீட்டுத் தோட்டங்களிலும் கடைவீதிகளிலும் அதுவே நிறைந்தது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கும் ரோஜா நெருக்கமாக நடப்பட்ட நிலையில், ‘ரோஜா ரோசெட்’ என்னும் நச்சுயிரி நோய் பரவியது. காற்றில் மிதந்து வரும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன்தான் அதைச் சுமந்து திரிகிறது. அந்த நச்சுயிரி இன்னதென்று 2011-இல்தான் கண்டறிந்தார்கள். கரும்புள்ளியை வென்ற செடி இதற்குத் தப்பவில்லை. ஒரு நோய்க்கு நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவன் அடுத்த தேர்வில் தோற்கலாம். ஆகவே மதிப்பீடு என்பது ஒருமுறை கொடுத்து முடிக்கும் சான்றிதழ் அன்று. ஒரே ரகத்தை ஊரெல்லாம் நடுவதும் அறிவுடைமை அன்று.

நம் மண், நம் வெயில்

ஜெர்மானியர் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அவர்கள் குளிரைத் தாங்குமா என்று பார்க்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது மே மாதத்தை. உதகமண்டலத்தில் 1995-இல் அமைந்த அரசு ரோஜாப் பூங்கா, 2006-இல் உலகக் கூட்டமைப்பின் சிறந்த தோட்டத்துக்கான விருது பெற்றது; நமக்கெல்லாம் பெருமை. ஆனால் கடல் மட்டத்துக்கு 2000 மீட்டருக்கு மேலே சிரிக்கிற ரோஜாவைக் கண்டு, கொள்ளிடக் கரையில் அதே சிரிப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

கொடைக்கானலில் குடியேறிய எம். எஸ். வீரராகவன், ஆட்சிப் பணியிலிருந்து விலகி, வெப்ப நாடுகளுக்கு ஏற்ற ரோஜாவை உருவாக்குவதில் பல பத்தாண்டுகள் ஈடுபட்டவர். குளிர்நாட்டு ரோஜாவை நம் வெயிலில் வருத்துவதைவிட, நம் மண்ணின் காட்டு ரோஜாவிலிருந்து தொடங்குவோம் என்பது அவர் வழி. வங்கம், பீகார்ப் பகுதிகளில் ஆற்றோரங்களில் வளரும் ‘ரோசா கிளைனோபில்லா’ என்னும் காட்டு இனத்தைக் கலப்புக்கு எடுத்துக்கொண்டார். வெள்ள நீரில் நின்றும் பிழைக்கும் இனம் அது. ஆற்றங்கரையில் வாழும் எனக்கு இதைப் படித்தபோது உண்டான மகிழ்ச்சி சொல்லில் அடங்காது.

நம் மாவட்டத்துக்குள்ளேயே எத்தனை மண்! எங்கள் திருமழபாடியில் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல். அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல். சிமெண்டு ஆலைகளுக்கு அதுதான் உணவு. அந்தக் கரிசலில் சுண்ணாம்புச் சத்து மிகும்போது இரும்புச் சத்து மண்ணிலிருந்தும் வேருக்குக் கிடைப்பதில்லை. ரோஜாவின் இளந்தளிர் மஞ்சளாகும்; நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். ஜெயங்கொண்டம் பக்கம் செம்மண். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரும்புள்ளி. சித்திரை, வைகாசி வெயிலில் செஞ்சிலந்தி. ஒரே செடி மூன்று ஊரில் மூன்று விதமாக நடந்துகொள்ளும். இவற்றை எந்த மேசையில் வைத்துப் பார்ப்பது?

என் பட்டியல்

ஆகவே, குறை சொல்வதோடு நிறுத்தாமல் ஒரு பட்டியலையும் முன்வைக்கிறேன். நூறு மதிப்பெண், ஓராண்டுத் தேர்வு, மருந்து தெளிக்கக் கூடாது, தொழுவுரமும் நீரும் மட்டும்.

கார்த்திகை மழையில் இலை நிற்கிறதா என்பதற்கு 25. இலைதான் செடியின் அடுக்களை. அது உதிர்ந்தால் அடுத்த பூவுக்குச் சோறு இல்லை.

மே வெயிலில் பூக்கிறதா என்பதற்கு 25. பூ சிறுக்கலாம், நிறம் வெளுக்கலாம். மொட்டு கருகாமல் விரிந்தால் போதும்.

ஓராண்டில் எத்தனை நாள் பூவோடு நின்றது என்பதற்கு 20. கவாத்து செய்தபின் ஆறேழு வாரத்தில் மறுபடி பூக்க வேண்டும். பிறகும் ஓயாமல் தர வேண்டும்.

பூவின் நிறம், வடிவம், மணம் மூன்றுக்குமாக 20. அழகுக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வெட்டிய குச்சியிலிருந்து வேர்விடுமா என்பதற்கு 10. இதைப் பார்த்து ரோஜா வல்லுநர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் நம் ஊர்களில் செடி பரவுவது கடையால் அன்று, கையால். “ஒரு குச்சி குடுங்கக்கா” என்று கேட்டு வாங்கி, சாணத்தில் தோய்த்து நடுகிறார்களே, அந்த வழியில் பிழைக்கும் செடிதான் ஏழையின் செடி. சொந்த வேரில் நிற்பதால் ஒட்டு காயும் தொல்லையும் இல்லை.

மறுப்புகளும் உண்டு, அறிவேன். “பூ அழகுக்குத்தானே? நோய் தாங்குவதற்கு அரளி போதாதா?” என்றார் நண்பர் ஒருவர். அழகைத் தள்ள நான் சொல்லவில்லை. ஒரு நாள் அழகை ஓராண்டு அழகாக எண்ணி மயங்காதீர் என்கிறேன். “ரோஜா நம் பூவா? குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் அது உண்டா?” என்றார் தமிழ்த்துறை நண்பர். இல்லைதான். எங்கள் ஊர்ப் பெருமானைச் சுந்தரர் பாடியபோது சூட்டியதும் கொன்றையைத்தான். ஆனால் பங்குனியில் நந்தி திருக்கல்யாணத்துக்கு வந்து பாருங்கள். மாலையில், தட்டில், மணமாகாத பெண்களின் கூந்தலில் எங்கும் ரோஜா. விருந்தாளியாக வந்தது வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. வீட்டுப் பிள்ளையானால் வேலையும் கேட்கலாம் அல்லவா?

ஏட்டில் எழுதுவோம்

அந்தச் சிறுமியின் வீட்டுக்கு மறு மாதம் போனேன். அவள் தாயாரிடம் நடந்ததைச் சொல்லி, குச்சி கேட்டேன். “பரிசு கெடக்கட்டும் சார், செடி நல்லாருந்தா சரி” என்று ஐந்து குச்சிகள் வெட்டித் தந்தார். இரண்டு வேர்விட்டன. ஒன்றைத் திருமழபாடிக் கொல்லையில் நட்டேன். மற்றொன்றைக் கரிசல் பக்கம் இருக்கும் என் தங்கை வீட்டில் கொடுத்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாரந்தோறும் எழுதினேன். உள்ளதைச் சொல்கிறேன்: கரிசலில் அது மஞ்சளித்து, ஓராண்டு முடியும் முன்பே போய்விட்டது. எங்கள் வண்டலிலும் மே மாதம் பூ அரைவாசியாகச் சிறுத்தது. என் பட்டியலின்படி அதற்கு 68 மதிப்பெண். முதல் வகுப்புதான், ஆனால் தங்கப்பதக்கம் இல்லை. அன்று முதற்பரிசு பெற்ற சிவப்பு ரோஜாவுக்கு எத்தனை? எனக்குத் தெரியாது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. என் வருத்தமே அதுதான்.

எங்கள் திருமழபாடிக் கோயிலில் ஒரு செய்தி கல்லில் இருக்கிறது. இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். இடிக்கும் முன், அதிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் ஏட்டில் படியெடுக்கச் சொன்னான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் புதிய சுவரில் வெட்டப்பட்டன. யார் என்ன கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு தொலையக் கூடாது என்ற கவலை அந்த மன்னனுக்கு இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்த ஊரில் இருந்த அந்தப் பழக்கம் இன்று நமக்கு ஏன் இல்லை?

மாணவச் செல்வங்களே! நீங்கள் இந்த மாவட்டத்தின் எல்லா மண்ணிலிருந்தும் நம் கல்லூரிக்கு வருகிறீர்கள். வண்டலும் கரிசலும் செம்மண்ணும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றன. ஜெர்மனி பல தோட்டங்களில் நடத்தும் தேர்வை, நாம் உங்கள் வாசல்களில் நடத்தலாம். ஆளுக்கு ஒரு கொத்துப்பூ ரோஜா, ஒரு நோட்டுப் புத்தகம், ஓராண்டு, செலவு அவ்வளவே. வாங்கும்போது கிடைத்த பெயர், நட்ட நாள், இலை உதிர்ந்த நாள், பூத்த நாள், செத்தால் செத்த நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். செத்ததையும் எழுதுவதுதான் அறிவியல். மூன்று ஆண்டுப் படிப்பு முடியும்போது, நம் மாவட்டத்தின் வாசலில் எந்த ரோஜா பிழைக்கும் என்று நாம் சொல்ல முடியும். அதை இந்த ஆண்டு மலரிலேயே அச்சிடலாம்.

அடுத்த முறை யாரேனும் என்னை நடுவராக அழைத்தால், முதலில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவேன். “இந்தச் செடியை எப்போது நட்டீர்கள்?” அந்தக் கேள்வி என்னுடையது அன்று. பெயின்ட் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு போன ஒரு மாணவியிடம் நான் கற்ற பாடம் அது.